பொன்ராஜ் முகம் சுளித்த தட்டு

பாண்டி பஜாரில் 'தங்கம் ரேடியோஸ்' எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அதை ஒட்டினாற்போல இருந்த மூக்குக்கண்ணாடிக் கடையைக் கேட்டால் முழிப்பார்கள். அது என் கடை. பொன்ராஜ் அண்ணாச்சியும் நானும் சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள், ஏறக்குறைய ஒரே சமயத்தில் பட்டணம் வந்தவர்கள். அவர் ரேடியோவும் இசைத்தட்டும் விற்றார், நான் கண்ணாடி விற்றேன். நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவர் கடையில் என்ன பாட்டு ஓடினாலும் எனக்கு இலவசம். வேண்டாம் என்றாலும் இலவசம்.

அண்ணாச்சியைப் பற்றி ரிக்கார்டு வியாபாரிகள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. அவருக்குப் பிடித்த தட்டு விற்காது. இது யாரோ பொறாமையில் கிளப்பிவிட்டது இல்லை, நடந்தது. கடை திறந்த புதிதில் ஒரு வீணைத் தட்டைக் கேட்டு மனிதர் மயங்கிப்போய்ப் பெட்டி பெட்டியாக வரவழைத்தார். பெட்டியைப் பிரிக்கக்கூட வேலை வரவில்லை. அடுத்து ஒரு சினிமாப் பாட்டு. அதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி ஒரு நாள் முழுக்க முனகிக்கொண்டே இருந்தார். படம் வந்த வேகத்தில் போய்விட்டது, பாட்டும் அதோடு போனது. அப்புறம் ஒரு பாட்டு வந்தது. "இதெல்லாம் ஒரு பாட்டா வே, கழுத கத்துன மாதிரி" என்று முகத்தைச் சுளித்தார். அந்த வருஷம் சென்னையில் அந்தப் பாட்டு வைக்காத கல்யாண வீடு கிடையாது.

இரண்டு மூன்று தடவை இப்படி ஆனதும் மற்ற வியாபாரிகள் உஷாராகிவிட்டார்கள். அப்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் புதுத் தட்டை நேராக அச்சடித்து அனுப்பிவிட மாட்டார்கள். முதலில் வெள்ளைத்தாள் ஒட்டி, மாதிரிக்கென்று ஒரு தட்டு வரும். வியாபாரிகள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள். எனக்கு இத்தனை, உனக்கு இத்தனை என்று ஆர்டர் கொடுப்பார்கள். ஆர்டர் சேர்ந்தால்தான் கல்கத்தாவில் தட்டு அச்சாகும். சேராவிட்டால் அந்தப் பாட்டு பிறக்காமலே போய்விடும். தென்சென்னை வியாபாரிகளுக்கு இந்தக் கூட்டம் அண்ணாச்சி கடை மாடியில்தான் நடக்கும். நல்ல பிளேயர் அவரிடம் இருந்தது என்று சொல்லிக்கொள்வார்கள். உண்மையான காரணம் அவர் முகம். அத்தனை பேரும் காதைப் பிளேயருக்கும் கண்ணை அவருக்கும் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் சுளித்தால் ஆர்டர் குவியும். அவர் லேசாகத் தலையை ஆட்டினால் போதும், அவனவன் பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவான். நானும் பஜ்ஜிக்காகப் போவேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

வெளியே பார்க்க இது வேடிக்கை. அந்த மனிதருக்கு அது வேடிக்கையாக இல்லை. தனக்குப் பிடித்தது விளங்காது என்று ஒருவன் மனதார நம்பிவிட்டால் அப்புறம் அவன் எதைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்வான்? அண்ணாச்சி கொஞ்சம் கொஞ்சமாக வாயைக் கட்டிக்கொண்டார். பாட்டில் ஆரம்பித்தது எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. மகன் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது, "சரி, போயி கை கால் கழுவு" என்றார். அவர் மனைவி தங்கபுஷ்பம் மதினி ஒருமுறை என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். "கட்டிக்கிட்டு வந்து இத்தன வருசமாச்சு. கொழம்பு நல்லாருக்குன்னு ஒரு நாளு சொன்னதில்ல. நல்லால்லன்னும் சொன்னதில்ல. யாருக்குத்தான் சமைக்கேன்னே தெரியல." நல்லாயிருக்கு என்று சொன்னால் அந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

விஜயலக்ஷ்மி மயிலாப்பூர்ப் பெண். அப்பா பள்ளிக்கூடத்தில் சம்ஸ்கிருத வாத்தியார். மாட வீதிப் பக்கம் வீடு. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்தே அண்ணாச்சி கடைக்கு வருவாள். வாங்க மாட்டாள். தட்டைப் போட்டுக் கேட்பதற்கென்று இருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அதுவும் யாரும் சீந்தாத இங்கிலீஷ் தட்டுகளாகப் பார்த்து எடுப்பாள். அண்ணாச்சி ஒன்றும் சொன்னதில்லை. அவளுக்குப் பிடித்ததெல்லாம் அவருக்கும் பிடித்தது. அதுதான் விஷயம். ஆனால் அதை இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கிடையாது. அவள் அறைக்குள் போனால் இவர் கல்லாவை விட்டு எழுந்து கதவோரம் ஏதாவது துடைத்துக்கொண்டிருப்பார். அவள் அதைக் கவனித்துத்தான் இருக்கிறாள்.

வீணை கற்றுக்கொண்டிருந்த பெண் கிடாருக்குத் தாவினாள். சாந்தோம் பையன்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு கல்லூரி விழாக்களில் பாட ஆரம்பித்தாள். மெட்டு மேல்நாட்டு மெட்டு, வார்த்தை தமிழ், எழுதியது அவளே. எழுபத்து மூன்றின் கடைசியில் தேனாம்பேட்டையில் இருந்த ஒரு சின்ன ரிக்கார்டு கம்பெனி அவளைக் கூப்பிட்டு ஒரு எல்.பி. பதிவு செய்தது. பையன்கள் எல்லாம் தலைமுடி வளர்த்துக்கொண்டு திரிகிற காலம், விற்றால் விற்கட்டும் என்று ஒரு துணிச்சல்.

அந்தக் கம்பெனியின் விற்பனையாள் கல்யாணராமன் மாதிரித் தட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்தார். கூடவே அவளும் வந்தாள். அவள் கண்ணாடி அறைப் பக்கம் போனதும் கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார்.

"பொண்ணோட அப்பா கறாராச் சொல்லிட்டார் ஓய். இந்தத் தட்டு அச்சாறதுன்னு ஆயிடுத்துன்னா ஒரு வருஷம் பாடட்டும், கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன். இல்லேன்னா தை மாசம் ஜாம்ஷெட்பூர் வரன். ஜாதகம் பொருந்தியாச்சு."

கிளம்பும்போது அவள் அண்ணாச்சி முன்னால் வந்து நின்றாள். "மாமா, விக்குமான்னு மத்தவா சொல்லுவா. நன்னா இருக்கான்னு நீங்க சொல்லணும்."

அண்ணாச்சி தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "கேட்டுட்டுச் சொல்லுதேன்மா" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பஜார் ஓய்ந்திருந்த நேரத்தில் தட்டைப் போட்டார். நானும் இருந்தேன். முதல் பாட்டு ஆரம்பித்ததும் எனக்குத் தகரக் கூரையில் நடக்கிற மாதிரி இருந்தது. எழுந்துவிடலாம் என்று பார்த்தேன், அண்ணாச்சி கையைப் பிடித்து உட்கார வைத்தார். இரண்டாவது பாட்டும் அப்படியேதான், தமிழை வெள்ளைக்காரி பேசுகிற மாதிரி உருட்டியிருந்தாள். மூன்றாவது பாட்டில் மேளத்தையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஒரு கிடார், அவள் குரல். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஒரு பெண். அவள் ஏற வேண்டிய பஸ் வருகிறது, விட்டுவிடுகிறாள். அடுத்தது வருகிறது, அதையும் விடுகிறாள். வீட்டுக்குப் போக வேண்டும், போகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் பாட்டு. காரணம் ஒன்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை. எனக்கே என்னவோ செய்தது.

அண்ணாச்சியைப் பார்த்தேன். மனிதர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"மொதப் பாட்டுல பயந்துகிட்டுப் பாடுதா, அதக் கத்தி மறைக்கா" என்றார் மெதுவாக. "ரெண்டாவதுல யாரையோ மாதிரிப் பாடுதா. இதுல ஒண்ணையும் மறைக்கல. இது அவதான்." அவர் ஒரு பாட்டைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உடனே முகம் வெளிறிப்போனது. "அய்யாதுரை, எனக்குப் புடிச்சிப்போச்சு வே. இனி இது எங்க வெளங்கும்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூட்டத்தில் தன் முகத்தைப் பார்த்து ஒரு பயலும் ஆர்டர் கொடுக்க மாட்டான், அந்தப் பெண் பிழைப்பு போய்விடும் என்று அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கே வராமல் இருந்துவிட வேண்டியதுதானே என்றேன். வராவிட்டால், பிடித்துப்போய்த்தான் ஒளிந்துகொண்டான் என்பார்களாம். அதுவும் சரிதான், அப்படித்தான் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என் கடைக்கு வந்து, கண்ணாடி போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருக்கும் நிலைக்கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். முகத்தைச் சுளித்துப் பார்த்தார். ஒரு பக்கம் வாய் கோணியது, பல்வலிக்காரன் மாதிரி.

"இது சுளிப்பா தெரியுதா வே?"

"வாயில புண்ணு வந்த மாதிரி இருக்கு அண்ணாச்சி."

மறுபடி சுளித்தார். மூக்கைச் சுருக்கினார், புருவத்தை இறக்கினார். அந்த வாரம் முழுக்க இதே வேலை. கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு, கடையில் ஏதோ நாற்றம் என்று நினைத்து மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வியாபாரம் போனதுதான் மிச்சம். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்ததை நினைத்துக்கொண்டால் சரியாக வருகிறது என்று கடைசியில் கண்டுபிடித்தார்.

கூட்டத்தன்று மாடியில் எல்லோரும் வந்திருந்தார்கள். அடையாறு சண்முகவேல், மயிலாப்பூர் ராஜரத்தினம், மாம்பலத்துக்காரர்கள். பஜ்ஜி வந்தது. கல்யாணராமன் தட்டை வைத்தார். முதல் பாட்டு ஓடியது, அண்ணாச்சி சுளித்தார். அதற்கு விளக்கெண்ணெய் தேவைப்படவில்லை. சண்முகவேல் ராஜரத்தினத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இரண்டாவது பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் சுளித்தார். மாம்பலத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்றாவது பாட்டு வந்தது. பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பாதிப் பாட்டு வரைக்கும் முகம் நின்றது. அப்புறம் உதடு நடுங்க ஆரம்பித்தது, கண் நிறைய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் போனால் அழுதுவிடுவார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சட்டென்று எழுந்து நின்றார்.

"நிறுத்துங்கய்யா! இதையெல்லாம் ஒரு பாட்டுன்னு தூக்கிட்டு வந்துட்டிய! ஒப்பாரிக்காரிகூட இதவிட நல்லாப் பாடுவா. சங்கீதம்னா என்னன்னே தெரியாத பிள்ளையப் புடிச்சிட்டு வந்து... தூ!"

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அருவருப்பில் திரும்பியதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நிமிஷம் கல்யாணராமனைச் சுற்றி ஒரே இரைச்சல். எனக்கு ஒரு பெட்டி போடுங்க, எனக்கு ரெண்டு போடுங்க. அந்த வருஷத்தில் எந்தத் தட்டுக்கும் அப்படி ஆர்டர் விழுந்ததில்லை. அண்ணாச்சி துண்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கும் அப்படியொரு சந்தோஷம்.

கல்யாணராமன் ஆர்டர்களை வாங்கிக்கொண்டு, "இதோ, அவளே வெளில இருக்கா, சொல்லிடறேன்" என்று படிப்பக்கம் ஓடினார். அப்போதுதான் எங்களுக்குத் தெரியும், அவளைக் கூட்டிக்கொண்டு வந்து மாடிப்படியில் உட்கார வைத்திருக்கிறார் என்று. கதவு பாதி திறந்துதான் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அண்ணாச்சி நின்ற இடம் நேராகத் தெரியும். படியில் யாரும் இல்லை. கீழே வெற்றிலைக் கடைக்காரன், "கிடார் பொண்ணா நைனா? அழுதுகினே போச்சு, இன்னா ஆச்சு?" என்றான்.

கல்யாணராமன் மறுநாள் மயிலாப்பூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஆர்டர் குவிந்ததைச் சொன்னாராம். பொன்ராஜ் சுளித்தால் விற்பனை நிச்சயம் என்றும் சொன்னாராம். அதற்கு அவள், "விக்கும், தெரியும். நான் அவரண்ட நன்னா இருக்கான்னுதான் கேட்டேன். அவர் சொல்லிட்டார்" என்றாளாம். முந்தின நாள் சாயங்காலமே ஜாம்ஷெட்பூர் வரனுக்குச் சரி என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கே ஆச்சரியம். தட்டு அச்சானால் ஒரு வருஷம் என்று சொன்ன வாக்கு இருக்கிறதே அம்மா என்று அவரே நினைவுபடுத்தியும் வேண்டாம் என்றுவிட்டாள்.

கல்யாணராமன் போனதும் நான் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவே மயிலாப்பூர் போவும். நடிச்சேன், எனக்குப் புடிச்சிருந்துச்சுன்னு சொல்லும்."

"தட்டு இன்னும் அச்சுக்குப் போவல வே. நான் போயி சொன்னா, அது இவனுவ காதுக்கு வந்தா, அத்தன ஆர்டரும் போயிரும்."

"ஆர்டரா பெருசு? அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் முடிவாவுது வே!"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதில்ல வே. நல்லாருக்குன்னு நான் வாயத் தொறந்து சொன்னா, அந்தத் தட்டுக்கு ஏதாவது ஆயிரும். வரட்டும். வந்து விக்கட்டும். அன்னைக்கி நானே போயி சொல்லுதேன்."

இந்த மனிதரை என்ன செய்வது? கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டா போக முடியும்? நான் போய்ச் சொல்கிறேன் என்றதற்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் மேல் சத்தியம் வாங்கிவிட்டார். உண்மையிலேயே பயந்திருந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் பத்திரிகை வந்தது. அண்ணாச்சி போகவில்லை. மாசியில் தட்டு வந்தது. அட்டையில் அவள் கிடாரோடு கபாலி கோயில் குளக்கரையில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாச்சி வாசல் ஒலிபெருக்கியில் காலை முதல் அதையே போட்டார். போகிறவன் போய்க்கொண்டிருந்தான், வருகிறவன் வந்துகொண்டிருந்தான். ஒருவன் மட்டும் நின்றான். "இன்னாபா இது, காலங்காத்தால அலுப்பா கீது. சினிமா பாட்டு போடு" என்று சொல்லிவிட்டு அவனும் போனான். அடையாறிலும் அதே கதை, மயிலாப்பூரிலும் அதே கதை. பெட்டிகள் பிரித்தபடி அப்படியே கிடந்தன. இவர் முகத்தைச் சுளித்தார், அப்படியும் அது விளங்கவில்லை. பிடித்ததுதான் உண்மை, சுளித்தது பொய் என்று அந்தத் தட்டுக்குத் தெரிந்துவிட்டது போல என்று அண்ணாச்சி ஒரு நாள் சொன்னார். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். சொன்னவர் முகத்தைப் பார்த்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

வியாபாரிகளுக்கு ஆத்திரம். பொன்ராஜ் முகராசி போய்விட்டது என்றார்கள். அடுத்த கூட்டத்தைச் சண்முகவேல் அடையாறுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். கம்பெனி இனி இந்த மாதிரிப் பாட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டது. சாந்தோம் பையன்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போனார்கள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம் விஜயலக்ஷ்மி வந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல். அம்மா கோமளத்தம்மாள் அவளைக் கடைக்குள் உட்கார்த்திவிட்டு, எதிரே ஜவுளிக்கடையில் ஏதோ மாற்றப் போனாள். நான் அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"மாமா, என் தட்டு இருக்கா?"

"இருக்கும்மா."

"போடுங்கோளேன். தட்டா வந்தப்புறம் நான் கேட்டதே இல்லை. அங்க ஆத்துல பிளேயர் கிடையாது."

அண்ணாச்சி போட்டார். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, யாரோ பாடுவதைக் கேட்பதுபோலக் கேட்டாள். முதல் பாட்டுக்குச் சிரித்தாள், இரண்டாவதுக்கு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். மூன்றாவது முடியும்வரை வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுதான் நன்னா வந்திருக்குன்னு அப்போ நெனச்சுண்டிருந்தேன். எவ்வளவு அசடு பாருங்கோ. இதுலதானே நீங்க எழுந்து நிறுத்துங்கோன்னேள்?" அவள் குரலில் துளிக் கோபம் இல்லை. "நீங்க ஒருத்தர்தான் மாமா உள்ளதைச் சொன்னேள். இல்லேன்னா இன்னும் கிடாரைத் தூக்கிண்டு திரிஞ்சிண்டிருப்பேன்."

அண்ணாச்சிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "அம்மா, அது பொய்மா. அத்தனையும் பொய்." எல்லாவற்றையும் கொட்டினார். மாதிரித் தட்டைக் கேட்டது, பயந்தது, என் கடைக் கண்ணாடியில் சுளித்துப் பழகியது, துண்டுக்குள் முகத்தை மூடினது. "இந்தா நிக்கான் அய்யாதுரை, கேட்டுப் பாருங்க." நான் தலையாட்டினேன். "இந்தக் கடைக்கு எத்தனையோ தட்டு வந்திருக்கு. இந்தப் பாட்டு மாதிரி எதுவும் எனக்குப் புடிச்சதில்லம்மா. ரொம்ப நல்லாருக்கு. ரொம்ப ரொம்ப நல்லாருக்கு."

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லி முடித்துவிட்டு, பெரிய பாரத்தை இறக்கிவைத்த மாதிரி மூச்சு விட்டார். அவள் சந்தோஷப்படுவாள் என்று நானும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் மாமா இப்போ சொன்னேள்?"

"ஒங்களுக்குத் தெரியணும்லாம்மா..."

"எனக்குப் பாட வராதுன்னு நெனச்சுண்டுதான் அப்பாகிட்ட சரின்னு சொன்னேன். அங்க அடுப்படியில நிக்கறச்சே எல்லாம் அதைத்தான் சொல்லிப்பேன். பாட வராதவதானே, இது போறும்னு. சொல்லிண்டா மனசு கேட்டுக்கும். நன்னாத்தான் இருந்தேன் மாமா. இனிமே நான் என்னன்னு சொல்லிக்கறது?"

அண்ணாச்சி போய்ப் பிளேயரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

கோமளத்தம்மாள் பையோடு திரும்பி வந்தாள். மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, ஒரு மாதிரி இருக்கே?" என்றாள்.

"ஒண்ணுமில்லேம்மா. வெயில்" என்று சொல்லி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். ரிக்‌ஷா வாசலில் நின்றது. அம்மா கைத்தாங்கலாக ஏற்றிவிட, அவள் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்தாள். ரிக்‌ஷா பனகல் பார்க் பக்கமாகப் போயிற்று.